மேப்பிளுக்கு ஆள் வைத்துவிட்டுப் போனேன்

1

ஊரிலிருந்து திரும்பி மூன்று வாரம் ஆகிறது. அலுவலகத்தில் எதிர்ப்படுகிறவர்களெல்லாம் "விடுமுறை எப்படி இருந்தது? நன்றாக ஓய்வெடுத்தாயா?" என்று கேட்கிறார்கள். ஜெர்மனியில் இது மரியாதைக்குக் கேட்கிற கேள்வி. "நன்றாக இருந்தது" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் தம்பி மனைவி கலாவின் முகம் முன்னால் வந்து நிற்கிறது.

எனக்குச் சொந்த ஊர் கே.ஜி.எஃப் என்கிற கோலார் தங்கவயல். ராபர்ட்சன்பேட்டை பஜாரில் அப்பா பாத்திரக்கடை வைத்திருந்தார். அவருக்குப் பிறகு தம்பி செல்வம் நடத்துகிறான். கடைக்குப் பின்னாலேயே வீடு. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்ததிலிருந்து கட்டிலோடு இருக்கிறாள். பேச்சு குழறும், பழகினவர்களுக்குத்தான் புரியும். அவளைப் பார்த்துக்கொள்வது கலா. செல்வம் காலையில் கடையைத் திறந்தால் ராத்திரிதான் உள்ளே வருவான். அவர்களுடைய ஒரே மகனுக்குப் பெங்களூரில் வேலை. நான் இங்கே ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறு நகரத்தில் இருக்கிறேன். மாதாமாதம் பணம் அனுப்புவேன். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிட்டு அம்மாவைப் பார்ப்பேன். என் பங்கு அவ்வளவுதான் என்று எப்படியோ தீர்மானமாகிவிட்டிருந்தது.

உண்மையில் நான் வளர்க்கும் ஒரு செடியைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2

என் மகள் தாரா படிப்புக்காக ஹாம்பர்க் போன இலையுதிர்காலத்தில் அந்தச் செடியை வாங்கினேன். கணவருக்கு வேறு நகரத்தில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். வீட்டில் பேச ஆள் இல்லை. தோட்டக்கடையில் ஜப்பான் மேப்பிள் கன்றுகள் வரிசையாக நின்றன. முழங்கை உயரம்கூட இல்லாத ஒன்று, விரல் விரித்த இலைகளெல்லாம் சிவந்துபோய், ஓரமாக நின்றது. 'போன்சாய் பழகுகிறவர்களுக்கு ஏற்றது' என்று அட்டை தொங்கியது. தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

செய்த முதல் காரியமே தப்பு. வெளியே குளிர ஆரம்பித்திருந்தது. பாவமாக இருக்கிறதே என்று கூடத்தில் ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒரே வாரத்தில் இலைகள் சுருண்டன. கடைக்காரம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டியபோது திட்டாத குறை. "இது வெளியே வாழ்கிற மரம். குளிர்காலத்தில் தூங்க வேண்டும். தூங்க விடாமல் சூட்டில் வைத்திருந்தால் சோர்ந்தே செத்துப்போகும்" என்றார். பால்கனிக்கு மாற்றி, வேர் உறைந்துவிடாமல் தொட்டியைச் சாக்கால் சுற்றி வைத்தேன். மார்ச்சில் மொட்டுகள் புடைத்தபோது அலுவலகத்தில் எல்லோருக்கும் படம் காட்டினேன்.

அடுத்த தப்பு கம்பி. கிளையை நாம் விரும்புகிற பக்கம் திருப்ப அலுமினியக் கம்பி சுற்றுவார்கள். கிளை பருக்கத் தொடங்கியதும் அவிழ்த்துவிட வேண்டும். நான் கவனிக்கவில்லை. கம்பி பட்டைக்குள் இறங்கி, திருகுத் தழும்பாகவே தங்கிவிட்டது.

அதற்குப் பிறகு தினமும் பார்க்கப் பழகினேன். காலையில் காப்பி போடுமுன் மண்ணில் விரல் வைத்துப் பார்ப்பேன். மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும், அடியில் வழிகிற வரை தண்ணீர். எங்கள் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் என்பதால் மழைத் தண்ணீர் பிடித்து வைத்தேன். துளிர் நீண்டால் முதல் ஜோடி இலைக்கு மேல் கிள்ளிவிடுவேன். மத்தியான வெயில் படாமல் இடம் மாற்றுவேன். போன வருடம், மொட்டு விரிவதற்குக் கொஞ்சம் முன்னால், வேரை வெட்டித் தட்டையான நீலத் தொட்டிக்கு மாற்றினேன். முடித்ததும் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "மேப்பிளுக்குப் புது வீடு!"

3

இந்த வருடம் ஈஸ்டரை ஒட்டி மூன்று வாரம் விடுப்பு கிடைத்தது. ஏப்ரல் மேப்பிளுக்குக் கண்டமான மாதம். இலைகள் அப்போதுதான் விரிந்திருக்கும். எதிர்பாராமல் ஒரு ராத்திரி உறைபனி இறங்கினால் கருகிவிடும். குளிர் கூடுகிற நாட்களில் சாயங்காலம் உள்ளே எடுத்து, காலையில் மறக்காமல் வெளியே வைக்க வேண்டும்.

முதலில் தாராவைக் கேட்டேன். தேர்வு இருக்கிறது என்றாள். "பக்கத்து வீட்டில் கேளேன் அம்மா, இங்கே எல்லோரும் அப்படித்தானே செய்கிறார்கள்" என்று ஜெர்மனில் சொன்னாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். எங்கள் பேச்சு அப்படித்தான் ஆகிவிட்டது. ஊருக்கு வீடியோவில் பேசும்போது "அம்மம்மா, நல்லா இருக்கீங்களா?" என்று அவளிடம் ஒரே ஒரு வாக்கியம் உண்டு. அதற்கப்புறம் அவளும் என் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருப்பார்கள். அம்மாவால் தெளிவாகப் பேச முடியாது, இவளுக்குப் பேச வராது. இதில் அம்மாவின் குறை நோயால் வந்தது. மகளின் குறை என்னால் வந்தது.

மேல்மாடியில் ஃப்ராவ் கெல்லர் என்று ஒரு பெண்மணி தனியாக இருக்கிறார். தபால் அலுவலகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவரிடம் போனேன். ஜெர்மனில் 'கீஸன்' என்றால் தண்ணீர் ஊற்றுவது. 'கெனீஸன்' என்றால் அனுபவித்து ரசிப்பது. இத்தனை வருடம் இங்கே இருந்தும், உதவி கேட்கிற கூச்சத்தில் நாக்கு பிறழ்ந்துவிட்டது. "மூன்று வாரம் என் மரத்தை ரசிக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டேன்.

"தாராளமாக ரசிக்கிறேன். கூடவே தண்ணீரும் ஊற்றட்டுமா?" என்றார் அவர்.

இரண்டு சனிக்கிழமை அவரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் செய்து காட்டினேன். விரலை எவ்வளவு ஆழம் வைப்பது, எந்தப் பக்கம் வெயில் ஆகாது, தூக்கும்போது தொட்டியை எங்கே பிடிப்பது. அவரைச் செய்யச் சொல்லியும் பார்த்தேன். தினமும் காலையில் ஒரு படம் அனுப்புவதாக அவராகவே சொன்னார். நிம்மதியாக விமானம் ஏறினேன்.

4

கே.ஜி.எஃப் வீட்டில் முதல் சில நாட்கள் நான் விருந்தாளி. எனக்குப் பிடித்ததையெல்லாம் கலா சமைத்தாள். அம்மாவின் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன். துடைத்துவிடவும் துணி மாற்றவும் கலா வரும்போது எழுந்து வழிவிடுவேன். வழிவிடுவதே ஒத்தாசை என்று நினைத்திருந்தேன்.

ஃப்ராவ் கெல்லரின் படம் ஜெர்மனியில் காலை, ஊரில் வெயில் ஏறின நேரத்தில் வரும். ஒரு நாள் வந்த படத்தில் இலைகள் தொங்கிப்போயிருந்தன. உடனே கூப்பிட்டேன். "மண்ணில் விரலை வையுங்கள். ஈரமாகவா இருக்கிறது? அப்படியென்றால் இன்று தண்ணீர் வேண்டாம். சுவரோரம் நிழலுக்கு மாற்றுங்கள். சாயங்காலம் மறுபடி பார்த்துச் சொல்லுங்கள்." பதற்றத்தில் என் குரல் ஏறிவிட்டது. ஜன்னலோரம் நின்று பேசிக்கொண்டிருந்தவள் திரும்பினேன். கலா அம்மாவை ஒருக்களித்துத் தன் தோளில் தாங்கிக்கொண்டு, ஒற்றைக் கையால் அடிவிரிப்பை உருவிக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா, அங்க யாருக்குன்னா உடம்பு சரியில்லையா? ஆஸ்பத்திரியா?" என்று கேட்டாள்.

"இல்ல கலா. செடி."

"செடியா?"

"தொட்டியில ஒரு மேப்பிள் வெச்சிருக்கேன்ல. மேல் வீட்டம்மாவப் பாத்துக்கச் சொல்லிட்டு வந்திருக்கேன்."

கலா சிரித்தாள். குத்தல் எதுவும் இல்லை. அவளுக்கு நிஜமாகவே வேடிக்கையாக இருந்தது. "அதுக்கு ஆள் வெச்சுட்டா வந்தீங்க?"

"ஆமா. இல்லன்னா போயிடும்."

"நல்லதுக்கா. ஆள் இருந்தா நிம்மதியா வரலாம்." அம்மாவைத் திருப்பிப் படுக்கவைத்து, தலையணையை அண்டக் கொடுத்தாள். விரிப்பைச் சுருட்டிக்கொண்டு வாசல்வரை போனவள் நின்றாள். "எங்கம்மா செத்தப்ப நான் காலைல போயி சாயங்காலமே வந்துட்டேன். அத்தையத் திருப்பிப் படுக்க வெக்க ஆள் இல்ல. எடுத்த உடனே பஸ் ஏறிட்டேன். அண்ணனுக்கு இன்னும் கோவம்தான்."

குறையாகச் சொல்லவில்லை. பஸ் லேட்டாக வந்ததைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுத் துவைக்கப் போய்விட்டாள்.

கலாவின் அம்மா குடியாத்தத்தில் மகன் வீட்டில் இருந்தவர். இறந்த செய்தி போன வருடம் குடும்பக் குழுவில் வந்தது. "ஆழ்ந்த இரங்கல் கலா, மனசைத் திடப்படுத்திக்கோ" என்று எழுதி, கும்பிடுகிற கைகள் இரண்டு போட்டிருந்தேன். அதைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அதற்குக் கொஞ்சம் கீழே, இரண்டே நாள் கழித்து, நீலத் தொட்டியின் படம். "மேப்பிளுக்குப் புது வீடு!" உறவுக்காரர்கள் இதயம் போட்டிருந்தார்கள். கலா ஒரு கட்டைவிரல் போட்டிருந்தாள்.

அம்மாவைப் பற்றி எனக்கு எத்தனையோ குற்ற உணர்வுகள் உண்டு. வெளிநாட்டில் இருக்கிற எல்லோருக்கும் உண்டு. அதைப் பற்றிப் பேசுவதில் ஒரு சுகமும் உண்டு. கலாவைப் பற்றி எனக்கு அப்படி எதுவும் இருந்ததே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தவளிடம் போனேன். "உங்கம்மாவுக்குத் திவசம் எப்ப?"

"வர்ற வெள்ளிக்கிழம. தலைத் திவசம். வரலன்னு சொல்லிட்டேன்."

"நீ போயிட்டு வா. ஒரு வாரம் இரு. நான் பாத்துக்கறேன்."

"நீங்களா?" அலசுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "சும்மா சொல்லாதீங்கக்கா. ஆசையா பூடும்."

மத்தியானம் சாப்பிட வந்த செல்வத்திடம் சொன்னபோது அவன் ஒரேயடியாக மறுத்தான். "உனக்கு இன்னாக்கா தெரியும்? வந்தமா, அம்மாவப் பாத்தமா, நல்லா சாப்ட்டமான்னு இரு. அவ இல்லன்னா அம்மாவுக்கு ஆவாது."

சோறு போட்டுக்கொண்டிருந்த கலா கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள். "மைன்ஸ்ல கூட ஷிப்ட் மாத்துவாங்க. ஒருத்தன் கேஜ்ல மேல வந்தா ஒருத்தன் எறங்குவான். எனக்கு மாத்துறதுக்கு இத்தினி வருஷம் கழிச்சு ஒரு ஆள் வந்துக்கீது. அதையும் வேணான்றியா நீ?"

செல்வம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, "எந்த பஸ்ஸு?" என்று கேட்டான்.

5

கிளம்புவதற்கு முன் கலா எனக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தாள். கேழ்வரகுக் கஞ்சியைச் சின்ன ஸ்பூனால் இடது கன்னத்துப் பக்கம் விட வேண்டும். வலப்பக்கம் விட்டால் அங்கேயே தங்கி இருமல் வரும். ஒரே பக்கமாக ரொம்ப நேரம் படுக்க விடக் கூடாது. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை கொடுத்து, குதிகால் மெத்தையில் படாமல் தூக்கி நிற்க வேண்டும். "குதிகால மட்டும் மறந்துடாதீங்க. அங்கதான் மொதல்ல புண்ணு வரும்" என்றாள். என்னைச் செய்யச் சொல்லியும் பார்த்தாள். வியாழக்கிழமை காலையில் செல்வம் அவளைக் குடியாத்தம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தான்.

"கலா எங்க?" என்றாள் அம்மா.

"ஊருக்குப் போயிருக்காம்மா. நான் இருக்கேன்ல."

அம்மா வாயை மூடிக்கொண்டாள். கஞ்சி ஆறிப்போகும்வரை நான் கெஞ்சினேன். செல்வம் கடையை விட்டு வந்து கெஞ்சினான். சாயங்காலம் கொஞ்சம் குடித்தாள். அடுத்த நாளும் அப்படியே. நான் அறைக்குள் நுழையும்போதெல்லாம் அவள் கண் என்னைத் தாண்டி வாசலுக்குப் போகும். துணி மாற்றும்போது என் கைக்கு வலு போதாமல் ஒருமுறை நழுவவிட்டேன். அம்மா முனகினாள். பெற்ற மகள் தொட்டதற்கு, அந்நிய ஆள் தொட்டதுபோல உடம்பை இறுக்கிக்கொண்டாள். என்னை அவள் மறக்கவில்லை. என் கை அவளுக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

நாலாவது நாள் மத்தியானம் அசதியில் நாற்காலியிலேயே தூங்கிப்போனேன். சுரங்கக் கழிவு குவிந்த சையனைட் மேட்டுப் பக்கமிருந்து காற்று அடித்து ஜன்னல் கதவு மோதியபோதுதான் விழித்தேன். தலையணை கீழே கிடந்தது. அம்மாவின் வலது குதிகால் மெத்தையில் அழுந்திக் கிடந்தது. தூக்கிப் பார்த்தால் சிவந்து, நடுவில் ஒரு நீர்க்கொப்புளம். வலித்திருக்கும். வலித்தது என்று சொல்ல அவளால் முடியவில்லை. அல்லது சொல்லி, எனக்குப் புரியாமல் போனதோ தெரியவில்லை.

தெருக்கோடி கிளினிக்கிலிருந்து நர்ஸ் வந்து கட்டுப் போட்டார். "காத்தாட விடுங்க, மெத்தையில படக் கூடாது" என்று கலா சொன்னதையே சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் கலா கூப்பிட்டாள். "அத்தை எப்படிக் கீறாங்க?"

"நல்லா இருக்காங்க."

"சாப்ட்டாங்களா?"

"ம்."

பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அக்கா, நீங்க கெளம்புற வரைக்கும் நான் இங்கயே இருக்கட்டுமா? அண்ணன் இப்பதான் பேச ஆரம்பிச்சுக்கீது."

"நான் இன்னும் ஒரு வாரம் தள்ளிப் போடறேன். நீ இரு" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது.

தள்ளிப்போடுவது அவ்வளவு சுலபமாக இல்லை. நெருங்கிய உறவினரைப் பராமரிக்க ஜெர்மனியில் விடுப்பு உண்டு. ஆனால் நோயாளிக்கு இன்ன அளவு பராமரிப்பு தேவை என்று அங்குள்ள காப்பீட்டுக்காரர்கள் வந்து பார்த்துத் தரம் கொடுத்திருக்க வேண்டும். "உங்கள் அம்மாவின் தரம் என்ன?" என்று அலுவலகத்துப் பெண் ஃபோனில் கேட்டாள். தரம் எதுவும் இல்லை, அம்மா இந்தியாவில் இருக்கிறாள் என்றேன். "அப்படியானால் என்னால் இதைப் பதிவு செய்ய முடியாது" என்றாள் வருத்தத்தோடு. இந்தப் பக்கம் அம்மா கஞ்சி கேட்டு முனகிக்கொண்டிருந்தாள். அவர்கள் கணக்கில் அம்மாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. கடைசியில் என் மேலதிகாரி சம்பளமில்லா விடுப்பாகப் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

ஃப்ராவ் கெல்லரின் படங்களைப் பல நாள் திறக்கவே இல்லை. ஒருவழியாகத் திறந்தபோது, ஒரு பக்கத்து இலைகளெல்லாம் கருகிச் சுருண்டிருந்தன. உறைபனி வருவதைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன், மன்னிக்கவும் என்று எழுதியிருந்தார். "பரவாயில்லை" என்று பதில் போட்டுவிட்டு அம்மாவைத் திருப்பிப் படுக்கவைக்கப் போனேன். இப்போது நழுவவிடாமல் திருப்பத் தெரிந்திருந்தது. அம்மாவும் என் கையில் கஞ்சி குடித்தாள். வாசலைப் பார்ப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

6

கலா வந்ததும் நேராக அம்மாவிடம் போனாள். அம்மாவின் இடக்கை மேலே எழும்பி அவள் கழுத்தை வளைத்துப் பிடித்துக்கொண்டது. விடவே இல்லை. நான் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு கலா அம்மாவின் காலைப் பார்த்தாள். கட்டைப் பிரித்தாள். புண் ஆறத் தொடங்கியிருந்தது.

"எப்ப ஆச்சு?"

"நீ போய் நாலாம் நாள்."

"ஃபோன்ல நல்லாக் கீறாங்கன்னீங்களே."

"சொல்லியிருந்தா நீ வந்துடுவியே."

"வந்துதான் இருப்பேன்" என்றாள்.

அதனால்தான் சொல்லவில்லை என்றேன். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி வெட்கம். அது அவளுக்கும் தெரிந்திருக்கும். வெந்நீர் வைத்துக் காலைத் துடைத்தாள். புதுக்கட்டுப் போட்டு, தலையணையைக் கெண்டைக்காலுக்கு அடியில் கொடுத்தாள். எல்லாம் முடிந்தபின், என்னைப் பார்க்காமலே, "அங்க போயி தூங்கிக்கினே இருந்தேன்க்கா. அம்மா கட்டில்லயே படுத்து. அண்ணி எழுப்பவே இல்ல" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

அக்டோபரில் மறுபடி வருகிறேன், ஒரு மாதம் இருக்கிறேன், நீ எங்கே வேண்டுமானாலும் போ என்று கிளம்பும்போது சொன்னேன். ஊரை விட்டுப் போகிற எல்லோரும் காரில் ஏறுமுன் இப்படி ஏதாவது சொல்கிறவர்கள்தான். கலா தலையாட்டிக்கொண்டாள், நம்பினாளா என்று தெரியவில்லை. இங்கே வந்ததும் முதல் வேலையாக டிக்கெட் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். பகல் நேரத்துக்கு ஒரு பெண்ணை உதவிக்கு வைப்பது பற்றியும் பேசியிருக்கிறோம். யார், எப்போது என்பதைக் கலாதான் முடிவு செய்ய வேண்டும் என்று செல்வத்திடம் சொல்லியிருக்கிறேன்.

நான் ஜெர்மனி திரும்பிய அன்று ஃப்ராவ் கெல்லர் கையைப் பிசைந்துகொண்டு வாசலிலேயே நின்றார். "ஒரே ஒரு ராத்திரி. சீக்கிரம் தூங்கிவிட்டேன். உன் மரத்தை நான் கெடுத்துவிட்டேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. கருகின இலைகளை உதிர்த்துவிட்டால் புது மொட்டு வரும், இந்த மரம் தாங்கும் என்று அவரை உட்காரவைத்துச் சொன்னேன். அவரை மன்னிப்பது எவ்வளவு சுலபமாக இருந்தது என்று பிறகு நினைத்துக்கொண்டேன். இப்போது கணுக்களில் பச்சை எட்டிப் பார்க்கிறது. தண்ணீர் ஊற்றுகிறேன், வெயில் பார்த்து நகர்த்துகிறேன். முன்பு இருந்த பெருமை மட்டும் இல்லை. குழுவில் படம் போடுவதை நிறுத்திவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல வீடியோவில் கூப்பிட்டேன். கலா ஃபோனை அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். அம்மா திரையை உற்றுப் பார்த்தாள்.

"கலா" என்றாள்.

"அத்தை, நான் இங்க கீறேன். அது அமுதாக்கா. உங்க பொண்ணு" என்று கலாவின் சிரிப்பு மட்டும் கேட்டது.

அம்மா கண்ணை எடுக்கவில்லை. "கலா" என்றாள் மறுபடியும், என்னைப் பார்த்து. "சாப்ட்டியா?"

திருத்துவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கம் கலாவும் சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

"சாப்ட்டேன் அத்தை" என்றேன்.